பார்க்காமல் எழுதிய நூற்றிருபது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மகள் ஆதிரை சுகமாக இருக்கிறாள். இதை நான் எழுதும்போது அவள் பக்கத்து அறையில் தன் பொம்மைக்குச் சேலைன் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கும் தாய் யாராவது இருப்பாள். முடிவு தெரியாமல் அவளால் ஒரு பந்தியைக்கூட ஆறுதலாக வாசிக்க முடியாது. நானும் அப்படிப்பட்டவள்தான். அதனால் முடிவை முன்னே வைத்துவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன். அதில் நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தென்மராட்சியில் சாவகச்சேரியிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில் நாங்கள் இருக்கிறோம். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவருக்கு வவுனியாவில் வேலை; வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து ஞாயிறு போவார். அவருடைய தங்கை கலா மச்சாள் எங்களோடு இருக்கிறாள். ஆதிரைக்கு நான்கு வயது.

ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. முன்பெல்லாம் ஒரு இரத்தப் பரிசோதனைக்கு ஒரு முழுநாள் போய்விடும். இரண்டு வருடங்களுக்கு முன்னர் டொக்டர் வதனி சந்தியில் உழவு இயந்திர உதிரிப்பாகங்கள் விற்ற கடையொன்றை வாடகைக்கு எடுத்து மருத்துவ நிலையம் தொடங்கினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் இருந்தவர், அதை விட்டுவிட்டு வந்தார். ஊர்ப் பெண்கள் மூன்று பேருக்கு இரத்தம் எடுக்க, அழுத்தம் பார்க்கப் பழக்கி, ஆளுக்கொரு ஸ்கூட்டியும் ஐஸ் பெட்டியும் கொடுத்தார். அழைத்தால் வீட்டுக்கே வருவார்கள். இரத்தம் பட்டினத்து ஆய்வுகூடத்துக்குப் போய், முடிவு கைபேசிக்கு வரும். குடும்பத்துக்கு மாதம் சிறுதொகை ஒன்று கட்டினால் போதும். ஊரில் அதற்கு "ஸ்கூட்டி ஆஸ்பத்திரி" என்று பெயர்.

சிரித்தவர்களும் உண்டு. கலா மச்சாள் ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"என்ன டொக்டர், நல்ல உத்தியோகத்தை விட்டிட்டு இந்தச் சந்தியிலை கடை போட்டிருக்கிறியள்?"

"ஓம், கடைதான். சனம் வராட்டிக் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அதாலைதான் நான் சனத்திட்டைப் போறன்," என்றார் அவர்.

அடுத்த மாதம் எங்கள் பெயரைப் பதிந்தது கலா மச்சாள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிரைக்குக் காய்ச்சல் தொடங்கியது. தடிமனும் இல்லை, இருமலும் இல்லை. உடம்பு கொதித்தது, கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்றாள். நான்கு வயதுப் பிள்ளை "கண்ணுக்குப் பின்னாலை" என்று சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. மறுநாள் காலை தர்சினி ஸ்கூட்டியில் வந்து இரத்தம் எடுத்தாள். எனக்கு இளையவள், பாடசாலையில் என்னிடம் படித்தவள். ஊசியைக் கையில் எடுத்ததும் அவள்தான் எனக்கு ஆசிரியை. பின்னேரம் முடிவு வந்தது. டெங்கு.

இந்த நோயைப்பற்றி எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். காய்ச்சல் காயும் மூன்று நான்கு நாட்கள் பெரிய ஆபத்தில்லை. காய்ச்சல் விடும் நேரந்தான் ஆபத்து. அப்போது சில பேருக்கு மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்திலுள்ள நீர் வெளியே வடிந்து வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் தடித்துப்போகும். பிள்ளையின் கைகால் குளிரும், சிறுநீர், எங்கள் பேச்சில் சலம், குறையும். ஆகவே காய்ச்சல் விட்டுவிட்டது என்று யாரும் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

இரத்த அறிக்கையில் இரண்டைப் பார்க்கச் சொன்னார்கள். ஒன்று பிளேட்லெட், அதாவது இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுகள். அது ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் கசிவு கிட்டுகிறது என்று அர்த்தம். மற்றது, இரத்தத்தில் செவ்வணுக்களின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பது. அது ஏறினால் நீர் வெளியே போகிறது.

ஆதிரையின் பிளேட்லெட் அன்றைக்கு ஒன்றரை லட்சம். வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றார் டொக்டர் வதனி. தினமும் காலையில் இரத்தம் எடுப்பார்கள். எங்களுக்கு ஓர் அளவுக் கோப்பையும் கோடு போட்ட ஒரு தாளும் தந்தார். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, பிள்ளை எவ்வளவு குடித்தாள், எவ்வளவு சலம் போனாள், சத்தி, அதாவது வாந்தி, எடுத்தாளா, பாதம் சூடா குளிரா என்று எழுதி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். சிவப்பு, கறுப்பு நிறத்தில் எதையும் குடிக்கக் கொடுக்க வேண்டாம், சத்தி எடுத்தால் அது இரத்தமா என்று தெரியாமல் போகும் என்றார்.

"சலத்தை மட்டும் கவனமாப் பாருங்கோ மிஸ். எனக்கு உங்கடை வீட்டிலை ரெண்டு கண் இருக்கெண்டால் அது அந்தத் தாள்தான்."

செவ்வாய் முழுவதும் நான் அந்தத் தாளை நிரப்பிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். ஆதிரையைப் பிளாஸ்டிக் சட்டியில் இருத்தி, சலத்தைக் கோப்பையில் ஊற்றி, கண்ணைக் கோட்டுக்கு நேரே வைத்துப் பார்த்தேன். நூற்றுப்பத்து, நூற்றிருபத்தைந்து, நூற்றுமுப்பது. இரவு டொக்டரிடமிருந்து குரற்செய்தி வந்தது: "உங்கடை தாள்தான் மிஸ் எல்லாத்திலையும் வடிவான தாள். மற்ற அம்மாமாருக்குக் காட்டப்போறன்." அதை நான் மூன்று தரம் கேட்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நூற்றுப்பதினைந்து. தர்சினி வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அன்றைக்குத் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை ஒப்படைக்கக் கடைசி நாள். அதிபர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. இருந்தால் பொறுப்பில்லாத ஆசிரியை, போனால் பொறுப்பில்லாத தாய் என்று வாசலில் நின்று பத்து நிமிடம் யோசித்துவிட்டுப் போனேன். திரும்பி வரப் பத்தரை மணி.

"மச்சாள், சலம் போனவளோ?"

"போயிருப்பாள். நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நிண்டன். கிணத்தடிப் பக்கம் ஒருக்கா நடந்து போனவள்."

"எவ்வளவு?"

"கிணத்தடியிலை போனதை நான் எப்பிடி அளக்கிறது? நிலத்தைப் பிழியச் சொல்லுறியளோ?"

பதினொரு மணிக் கட்டம் வெறுமையாக இருந்தது. வகுப்புப் பதிவேட்டில் வெறுங்கட்டம் விட்டால் எங்கள் தொழிலில் அது குற்றம். பதினொரு வருடமாக நான் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை. முந்திய நான்கு எண்களையும் கூட்டி நான்கால் வகுத்தேன். நூற்று இருபது, மீதியில்லாமல் வந்தது. எழுதினேன். படம் எடுத்து அனுப்பினேன். மனதுக்குள் ஏதோ இடறியது உண்மை. ஆனால் அந்தத் தாள் வடிவாக இருந்தது.

காலை இரத்தத்தின் முடிவு வந்தது. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே. டொக்டர் எழுதியிருந்தார்: "விளிம்பிலை நிக்கிறம். ஆனால் சலம் நல்லாப் போகுது. அதாலை பின்னேரம் அஞ்சு மணிக்கு அடுத்த இரத்தம் எடுப்பம்."

மதியம் காய்ச்சல் விட்டது. ஆதிரை பாயில் சுருண்டு படுத்தாள். ஒரு மணிக்குச் சட்டியில் இருத்தினேன். "வரேல்லை அம்மா," என்றாள். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பதினொரு மணிக்குள் நூற்றிருபது போயிருக்கிறாளே, இனி எப்படி உடனே வரும் என்று. நான் இட்டுக்கட்டிய எண்ணையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருமுறை சத்தி எடுத்தாள். பாதத்தைத் தொட்டேன். கிணற்றுத் தண்ணீர் போல இருந்தது. டொக்டரை அழைத்தேன்.

"டொக்டர், ஏதோ சரியில்லை."

"என்ன சரியில்லை?"

"கால் குளிருது. சத்தி. ஆனால்..." நூற்றிருபதைச் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. "எனக்குச் சரியில்லாத மாதிரிக் கிடக்கு."

"அம்மாவுக்குச் சரியில்லையெண்டால் சரியில்லைத்தான். ஓட்டோவை இப்ப அனுப்புறன். உடுப்பு ஒண்டும் தேட வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ. அந்தத் தாளை மட்டும் மறக்காதேங்கோ."

வழியெல்லாம் பிள்ளையை ஒரு கையிலும் தாளை மற்றக் கையிலும் வைத்திருந்தேன். ஓட்டோவோடு வந்த தர்சினி பக்கத்தில் இருந்து ஆதிரையின் மணிக்கட்டில் விரலை வைத்தபடியே வந்தாள். பெரியாஸ்பத்திரிக்கு டொக்டர் வதனி முன்கூட்டியே அழைத்துச் சொல்லியிருந்தார். காத்திருக்கும் வாங்கில் நாங்கள் உட்காரவே இல்லை. உடனே சிறுவர் விடுதியின், அதாவது வார்ட்டின், அவதானிப்பு அறைக்கு எடுத்துப்போனார்கள். இரத்தம் எடுத்தார்கள், பிளேட்லெட் அறுபதாயிரம். செவ்வணுப் பங்கு முப்பத்துநான்கிலிருந்து நாற்பத்திரண்டுக்கு ஏறியிருந்தது. வயிற்றை ஸ்கான் பண்ணி, உள்ளே நீர் இருக்கிறது என்றார்கள். கசிவு தொடங்கிவிட்டது.

ஐந்து மணிக்கு என் கணவர் வவுனியாவிலிருந்து வந்து சேர்ந்தார். கட்டிலடியில் விடுதி வைத்தியர் நின்றார். இளம் வயது, கண்ணில் நித்திரையில்லாத களைப்பு. என் தாளை விரித்துவைத்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

"இந்தக் கசிவு ஆகக் கூடினது நாற்பத்தெட்டு மணித்தியாலம் இருக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் அளந்து சேலைன் குடுப்பம். குறைஞ்சால் பிள்ளை சோர்ந்துபோகும். கசிவு நிண்ட பிறகும் குடுத்துக்கொண்டிருந்தால், வெளியிலை போன நீரும் திரும்பி உள்ளை வரும், எல்லாம் சேர்ந்து நுரையீரலிலை நிரம்பும். அதாலை எத்தினை மணிக்குத் தொடங்கினதெண்டு சரியாத் தெரிய வேணும்." பேனையின் முனை பதினொரு மணிக் கட்டத்தில் நின்றது. "இதிலை நூற்றிருபது போயிருக்கு. அப்ப பதினொரு மணி வரைக்கும் நல்லா இருந்திருக்கிறா. மதியத்துக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கு. வடிவா எழுதியிருக்கிறியள் அம்மா, இப்பிடி ஒருத்தரும் எழுதிறேல்லை."

கணவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். சொல்லாமல் விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒருவேளை அவள் உண்மையாகவே நூற்றிருபது போயிருக்கலாமே? போயிருந்தால் நான் இப்போது சொல்வதுதானே குழப்பம்? வைத்தியர் அட்டையில் நேரத்தை எழுதத் தொடங்கிவிட்டார்.

"டொக்டர், அது நான் பாக்கேல்லை."

"எது?"

"அந்த நூற்றிருபது. நான் பாக்காமல் எழுதினனான். முந்தின நாலையும் கூட்டி வகுத்து எழுதினனான். காலமை ஏழு மணிக்குப் பிறகு அவள் சலம் போனதோ இல்லையோ எனக்குத் தெரியாது."

வைத்தியர் பேனையை அட்டையிலிருந்து எடுத்தார்.

"நீர் பாக்காமலே எழுதினீரோ?" என்றார் கணவர். கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நம்ப முடியாமல் கேட்டார்.

வைத்தியர் எழுதியதை ஒரே கோட்டால் வெட்டினார். தர்சினியிடம் காலையில் எடுத்த இரத்தத்தின் எண்களைக் கேட்டார்; மறுபடி கணக்குப் பார்த்தார். பிறகு 'காலை எட்டு மணி' என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"தெரியாது எண்டு சொன்னால் எங்களுக்குப் போதும் அம்மா. தெரியாததை வைச்சும் நாங்கள் வேலை செய்வம். ஆனால் இல்லாததை இருக்கெண்டு வைச்சு வேலை செய்ய ஏலாது." குரலில் கடுமை இருந்தது. போகும்போது திரும்பி, "சொன்னது நல்லது," என்றார்.

அடுத்த கட்டிலில் மயிலிட்டிப் பெண் ஒருத்தி தன் மகனோடு இருந்தாள். ஜெயந்தி என்று பெயர். கணவன் கடலுக்குப் போகிறவன். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ரீச்சரோ நீங்கள்?"

"ஓம்."

"அதுதான். எனக்கும் எங்கடை ஆஸ்பத்திரி மிஸி தாள் ஒண்டு தந்தவ. அரைவாசி வெறுந்தாள்தான். போனதைக் காணாட்டி நான் என்னத்தை எழுதுறது? எங்கடை ஆள் மீன் படாத நாளிலை மீன் பட்டதெண்டு சொல்லிக்கொண்டு கரைக்கு வந்தால் சட்டியிலை என்னத்தைப் போடுறது?" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் தன் போத்தலிலிருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அந்த நாளில் நான் குடித்த முதல் தேத்தண்ணி அதுதான்.

அந்த நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் எல்லாமே அளவுதான். சேலைன் சொட்டுச் சொட்டாக ஓர் இயந்திரத்தின் வழியே ஏறியது. மணிக்கொரு தரம் சலத்தை அளந்தார்கள். அவளுடைய நிறைக்கு, மணித்தியாலத்துக்கு ஒரு மேசைக்கரண்டியளவு போனாலே போதும் என்றார் மிஸி, விடுதித் தாதி. ஒரு மேசைக்கரண்டிக்காக நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. நல்லகாலம், அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்கோ கட்டிலுக்கோ ஒரு சதமும் கேட்கவில்லை. அந்தப் பயமும் சேர்ந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

கணவர் முதல்நாள் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. வியாழன் காலை நான் முகம் கழுவிவிட்டு வரும்போது அவர் மிஸியிடம் கேட்டு அளவுக் கோப்பையை வாங்கி, நிலத்தில் முழங்காலிட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்துத்தான் சொல்லுறன்," என்றார்.

கட்டிலில் கிடந்த ஆதிரைக்கு ஏன் அம்மாவும் அப்பாவும் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. கலா மச்சாள் மதியம் கஞ்சியோடு வந்தாள். "நான் கிணத்தடிக்கு அவளுக்குப் பின்னாலை போயிருக்க வேணும்," என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். இரண்டு நாளாக நான் தலை வாரவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆதிரை கண்ணைத் திறந்ததும், "புட்டும் மீன்பொரியலும் வேணும்," என்றாள். பாதம் சூடாக இருந்தது. சலம் தாராளமாகப் போகத் தொடங்கியது. கால் முழுவதும் சிவந்து, இடையிடையே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன; அது சுகப்படும் அடையாளம் என்றார்கள். விடுதி வைத்தியர் வந்து பார்த்துவிட்டுச் சேலைனை நிறுத்தச் சொன்னார்.

"எட்டு மணியெண்டு போட்டது சரிதான். கசிவு நிண்டிட்டுது. மற்ற நேரத்தை வைச்சிருந்தால் இப்பவும் ஏத்திக்கொண்டிருப்பம்."

ஞாயிற்றுக்கிழமை வீடு வந்தோம். செவ்வாய் பின்னேரம் நான் தனியாகச் சந்திக்குப் போனேன். டொக்டர் வதனியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தர்சினி அந்த அறையில் நின்றவள்; ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை என்பது டொக்டரின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. சொன்னேன்.

"என்னிலையும் பிழை," என்றார். "நான் உங்களைப் புகழ்ந்தன். அந்தத் தாளிலை தெரியாதெண்டு எழுத ஒரு இடமும் நான் விடேல்லை." பிறகு அலுமாரியைத் திறந்து இந்தப் பருவத்தில் திரும்பி வந்த தாள்களையெல்லாம் எடுத்து மேசையில் போட்டார். "நீங்கள் கணக்கு மிஸ்தானே. பாருங்கோ, உங்களை மாதிரி இன்னும் ஆர் எழுதியிருக்கினம்?"

எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. உண்மையாக அளந்த எண்கள் கரடுமுரடாக இருக்கும்: எழுபது, நூற்றுநாற்பத்தைந்து, முப்பது. ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும், ஒன்றில் தேத்தண்ணிக் கறை இருக்கும். பார்க்காமல் எழுதியவை நூறு, நூறு, நூற்றிருபது, நூறு என்று அணிவகுத்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துவைத்தேன். பெரும்பாலும் படித்த வீடுகள். இரண்டு பேர் என் சக ஆசிரியைகள்.

"இவ்வளவு நாளும் நான் வடிவான தாளெல்லாம் நல்ல தாளெண்டு நினைச்சிட்டன்," என்றார் டொக்டர். அந்த இடத்திலேயே பழைய தாளை எடுத்து, சலம் என்ற நிரலுக்குப் பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று ஒரு நிரல் கீறினார். அச்சுக்குக் கொடுக்க முன்னம் என்னிடம் நீட்டி, "பிழை இருந்தால் திருத்துங்கோ," என்றார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் பாடசாலை விட்டபின் இரண்டு மணித்தியாலம் அந்த மேசையில் நான் இருக்கிறேன். கைபேசிக்கு வரும் தாள்களைப் பார்ப்பதும், தாய்மாரோடு கதைப்பதும் என் வேலை. முதல் கிழமையே ஒரு பெண் நேரில் வந்தாள். ஏழு வயது மகன் வீட்டில், காய்ச்சல் நான்காம் நாள். பழைய தாளில்தான் எழுதியிருந்தாள். முத்துப்போன்ற எழுத்து. காலையிலிருந்து நூற்றைம்பது, நூற்றைம்பது, நூற்றைம்பது.

"காய்ச்சல் விட்டிட்டுது மிஸ். ஆள் நல்லாப் படுத்திருக்கிறார்," என்றாள்.

நான் அவளை இருக்கச் சொன்னேன். என்னுடைய கதையை அவளுக்குச் சொன்னேன், நூற்றிருபதையும் சேர்த்து. சொல்லிவிட்டு, அவளுடைய மூன்று எண்களிலும் விரலை வைத்துக் கேட்டேன்.

"இதிலை எது நீங்கள் கண்ணாலை பாத்தது?"

அவள் முகம் சிவந்தது. பிறகு என் கையிலிருந்த பேனையை வாங்கி, முதலாவதை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் தானே வெட்டினாள்.

உள்ளறையிலிருந்த டொக்டரை நான் கூப்பிடும் முன்னரே தர்சினி ஐஸ் பெட்டியைத் தூக்கிவிட்டாள். "ஏறுங்கோ அக்கா," என்றாள். அந்தப் பெண் பின்னால் ஏறி இருந்தாள், ஸ்கூட்டி சந்தியில் திரும்பியது.